தொடாத பாதி

அத்தியாயம் ஏழு

ஆன்டே பெரிச் பொய் சொன்னார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆன்டேவுக்கே இல்லை.

ஓப்பல் கல் வியாபாரி பாக்ஸ்டர் ஒரு கைவிடப்பட்ட குழியின் அடியில் மண்டை உடைந்து கிடந்தார். அன்று பகலில் போலீஸ்காரர் ஆன்டேவின் கொட்டகை வாசலில் நின்று, ராத்திரி எங்கே இருந்தீர் என்று கேட்டார். தூங்கிக்கொண்டிருந்தேன் என்றார் ஆன்டே. பக்கத்துக் கொட்டகைக்காரி, அவருடைய பிக்கப் வண்டி ராத்திரி முழுக்க அங்கே நிற்கவில்லை என்றாள். அந்த ராத்திரிக்கு முந்தின நாள்தான் பப்பில் ஒரு கல்லின் விலைக்காக அவரும் பாக்ஸ்டரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருந்தார்கள். செத்தவர் கிடந்த குழிக்கருகில் ஆன்டேவின் டார்ச் வேறு கிடந்தது. ஓப்பல் தோண்டுகிறவர்களின் ஊரான கூரலாவில் டார்ச் கைமாறிக்கொண்டே இருக்கும். யாருடையது யாரிடம் இருக்கிறது என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஆனால் வழக்கு நடந்தது கூரலாவில் இல்லை.

நடந்தது கோதுமை விளையும் ஒரு ஊரில். ஜூரியில் உட்கார்ந்த பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடச் சுரங்கத்துக்குள் தலையை நீட்டியதில்லை. அவர்களை அறைக்கு அனுப்பும் முன் நீதிபதி விளக்கினார்: ராத்திரி எங்கே இருந்தேன் என்பதைப் பற்றி இவர் பொய் சொன்னார் என்று நீங்கள் நம்பினால், குற்றமுள்ள நெஞ்சுதான் அந்தப் பொய்யைச் சொல்லவைத்தது என்று எடுத்துக்கொள்ளலாம். அத்தோடு நிறுத்திக்கொண்டார். மனிதர்கள் வேறு காரணங்களுக்காகவும் பொய் சொல்வதுண்டு, அதையும் யோசியுங்கள் என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆன்டேவின் வக்கீலும் எழுந்து ஆட்சேபிக்கவில்லை. அந்த வேறு காரணம் என்னவென்று ஆன்டே அவரிடமும் வாய் திறந்திருக்கவில்லை.

ஆயுள் தண்டனை.

இப்போது அப்பீல். அடுத்த திங்கட்கிழமை சிட்னியில் விசாரணை. பாரிஸ்டர் மார்கரிட் ஆஷ், துப்பறிவாளர் ஹாலரனை அமர்த்தியபோது சுருக்கமாகச் சொல்லியிருந்தார். நீதிபதி சொல்லாமல் விட்ட வாக்கியம் நமக்கு ஒரு கதவு. மூன்று நீதிபதிகள் உட்காருவார்கள். அவர்கள் முதலில் கேட்கப்போவது, சரி, அந்த வேறு காரணம்தான் என்ன என்று. அதற்குப் பதில் இல்லையென்றால் கதவு நம் மூக்கின் மேல் சாத்தப்படும்.

பதிலுக்காகத்தான் ஹாலரன் சிறையின் சந்திப்பு அறையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஆன்டே. குள்ளமான, அகலமான மனிதர். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை. மூன்று சந்திப்புகளில் தலையை மட்டும் ஆட்டியவர், அன்றைக்குத்தான் பேசினார்.

தனியாக ஒரு குழி தோண்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அன்றிரவு அங்கே இருந்தாராம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, பட்டுப்போன கிட்ஜி மரங்களுக்குப் பின்னால். வாயைத் தகரத்தால் மூடி, மேலே சுள்ளி போட்டு வைத்திருந்தாராம்.

"போலீஸ்கிட்ட ஏன் சொல்லல?"

"எங்க தோண்டறேன்னு கேட்டா கூரலாவுல எவனும் நிஜம் சொல்ல மாட்டான். போலீஸ் கேட்டாலும் பொய்தான், பாதிரியார் கேட்டாலும் பொய்தான். யோசிச்சு சொல்றதில்ல. அதுவா வந்துடும்."

கோர்ட்டில்கூடவா என்று கேட்டார் ஹாலரன். கோர்ட்டில் பாதி கூரலா உட்கார்ந்திருந்தது, சொல்லியிருந்தால் மறுநாள் காலையில் எவனாவது அங்கே முளை அடித்து நிலத்தைத் தன் பெயருக்கு எடுத்திருப்பான் என்றார் ஆன்டே. அது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஆயுள் தண்டனைக்குச் சமமான உண்மையாக ஹாலரனுக்குத் தோன்றவில்லை.

"நெவ்வுக்கு இந்த இடம் தெரியுமா?"

நெவ் ஸ்டாக்டேல் ஆன்டேவின் கூட்டாளி. இருபது வருஷமாக ஒரே சுரங்கம், கிடைப்பதில் ஆளுக்குப் பாதி. எழுத்து கிடையாது, ஒரு நாள் கைகுலுக்கினார்கள், அவ்வளவுதான் ஒப்பந்தம்.

ஆன்டே தன் கைகளைப் பார்த்தார். "நெவ்வை இதுல இழுக்காதீங்க."

வெளியே காரில் உருளைக்கிழங்கு வறுவலோடு காத்திருந்த உதவியாளர் வூலாவிடம் ஹாலரன் விஷயத்தைச் சொன்னார். அவள் வண்டியைக் கிளப்பியபடி, அப்பீலுக்கு எழுதி வைத்த பிரமாணப் பத்திரத்தைப் பற்றிக் கேட்டாள். அதில், அந்நியர்களிடமிருந்து இடத்தை மறைக்கவே பொய் சொன்னேன் என்று ஒரு வரி சேர்த்து, நாளை ஆன்டேவிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்றார் ஹாலரன். அதற்குமுன் அப்படி ஒரு குழி அப்போதே இருந்தது என்பதற்கு ஆதாரம் பார்க்க வேண்டும்.

"ஒரு பள்ளம்தானே பாஸ். பள்ளம் எங்க ஓடிடப் போகுது."

பள்ளம் ஓடவில்லை. ஆனால் அதைச் சுற்றி நான்கு மூலையிலும் முளை அடித்திருந்தது. ஒவ்வொரு முளையிலும் தகரத் துண்டில் பெயர். வூலா குனிந்து படித்தாள்.

"என். ஸ்டாக்டேல்." நிமிர்ந்தாள். "பாஸ், நம்ம ரகசிய இடத்துக்கு வாசல்லயே பெயர்ப்பலகை மாட்டியிருக்காங்க."

நெவ் தன் பிக்கப்பின் நிழலில் உட்கார்ந்து, பீட்ரூட் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். உட்கார்ந்திருக்கும்போதே வூலாவின் தோள் உயரம் இருந்தார். ஹாலரன் யார் என்று சொன்னதும் ஆச்சரியப்படவில்லை. ஆன்டே எப்படி இருக்கிறான் என்று கேட்டார். இளைத்துப் போயிருக்கிறார் என்றார் ஹாலரன். நெவ் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து எறும்புகளுக்குப் போட்டார்.

இடத்தைப் பற்றிக் கேட்டதும் பதில் தயாராக இருந்தது. தீர்ப்புக்குச் சில மாதம் கழித்து முளை அடித்தாராம். அதுவரை யாரும் தொடாத நிலமாம்.

"எனக்கு முன்னால இங்க முயல்கூட தோண்டினதில்ல. ஒவ்வொரு அடியும் நான் வெட்டினது."

"உள்ளே பார்க்கலாமா?" என்றார் ஹாலரன்.

வூலா அவரை முழங்கையால் இடித்தாள். கூரலாவில் அடுத்தவன் குழிக்குள் கேட்காமல் இறங்குகிறவன் திருடன். கேட்டு இறங்க நினைக்கிறவன் பைத்தியக்காரன். யாரும் யாரையும் உள்ளே விடுவதில்லை. நெவ் ரொட்டித் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். எழுந்து, இரண்டு ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார்.

"வாங்க. ரெண்டு வருஷமா ஒருத்தன்கூட கேட்கல."

ஏணி முடிந்த இடத்தில் காற்று குளிர்ந்தது. அங்கிருந்து சுரங்கம் ஒரே நேராகப் போனது. ஹாலரன் தலையைத் தாழ்த்தினார். வூலாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவள் உயரத்துக்குக் கூரை சரியாக இருந்தது. முன்னால் நெவ் போனார். இடுப்பில் மடிந்து, ஒரு கையை முழங்காலில் ஊன்றி, மறு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். மூச்சு வாங்கியது.

"சொந்தச் சுரங்கத்துக்கே இவ்வளவு பணிவா இருக்கீங்களே," என்றாள் வூலா.

"குனிஞ்சு போறது முதுகுக்கு நல்லது, பொண்ணு."

கொஞ்ச தூரம் போனதும் நெவ் நிமிர்ந்தார். மேலே பார்க்கவில்லை, கையால் தடவவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் அதே இடத்தில்தான் நிமிர்வார் என்று தோன்றியது. கூரை அங்கே ஒரு படி உயர்ந்திருந்தது. அதற்குப் பிறகு மூன்று பேரும் நேராக நடந்தார்கள்.

ஹாலரன் அந்தப் படிக்குத் திரும்பி வந்து விளக்கைக் காட்டினார். தாழ்ந்த பக்கம் குந்தாலியின் கொத்துகள், சின்னச் சின்னதாக, நெருக்கமாக. உயர்ந்த பக்கம் மின்துளைப்பானின் நீண்ட கோடுகள்.

வூலா காதருகே வந்தாள். "பாஸ், இது ரெண்டு ஆளுக்குத் தைச்ச சட்டை. பாதி வரைக்கும் குட்டை ஆள் அளவு."

"இது வரைக்கும் ஏன் இவ்வளவு தாழ்வா வெட்டினீங்க?" என்று ஹாலரன் குரலை உயர்த்திக் கேட்டார்.

ஆரம்பத்தில் துளைப்பான் இல்லை, கையால் வெட்டுகிறவன் வேண்டியதற்கு மேல் வெட்டமாட்டான் என்றார் நெவ். உங்களுக்கு வேண்டியது ஆறடிக்கு மேல் ஆயிற்றே என்று வூலா சொன்னாள். நெவ் விளக்கை முன்னால் திருப்பி நடந்தார்.

சுரங்கம் ஒரு அறையில் முடிந்தது. வலப்பக்கம் ஆழமாகக் குடைந்திருந்தது. சுவரில் ஒரு பொட்டு நிறம்கூட மிச்சமில்லை. நகத்தால் சுரண்டியதுபோல் துடைத்து எடுத்திருந்தது. இடப்பக்கம் ஒரு சாக்கு தொங்கியது. வூலா அதன் நுனியைத் தூக்கினாள்.

விளக்கு பட்டதும் சுவர் விழித்துக்கொண்டது. விரல் பருமனில் ஒரு கோடு, பச்சையும் நடுநடுவே நெருப்புச் சிவப்புமாக, சுவர் முடியும் வரை ஓடியது. வூலா கையை நீட்டினாள்.

"அதைத் தொடாதே." நெவ்வின் குரல் அதுவரை இப்படி இருக்கவில்லை.

ஹாலரன் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நடுவில், கூரையிலிருந்து தரை வரை, வெட்டு நின்றிருந்தது. நூல் பிடித்தமாதிரி நேராக. ஓப்பல்காரர்களை அவருக்குத் தெரியும். நகக்கண் அளவு நிறத்துக்காக ஒரு வாரம் மண்ணில் புரளுகிறவர்கள். கண்ணெதிரே எரிகிற கோட்டைச் சாக்குப் போட்டு மூடி வைக்கிற ஓப்பல்காரனை அவர் கேள்விப்பட்டதில்லை.

"ஏன் விட்டு வெச்சிருக்கீங்க?"

"அப்புறம் எடுப்பேன்."

"முழுக்க உங்க நிலம்னா நடுவுல கோடு எதுக்கு நெவ்? கோடு போட்டா அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கணும்."

நெவ் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதன் வெளிச்சம் அவர் காலணியின் மேல் விழுந்தது.

வூலாவால் பொறுக்க முடியவில்லை. "அப்போ இது அவர் இடம்னு தெரிஞ்சுதான் முளை அடிச்சிருக்கீங்க. அவர் உள்ளே கம்பி எண்ணிக்கிட்டிருக்கார், நீங்க இங்க கல் எண்ணிக்கிட்டிருக்கீங்க. இருபது வருஷக் கூட்டாளி. பேஷ்."

நெவ் அவளைப் பார்க்காமல் ஹாலரனைப் பார்த்தார். "இடத்தை அவன்தான் சொன்னானா?"

"ஆமா."

"என்கிட்ட சொல்லியிருந்ததா சொன்னானா?"

சந்திப்பு அறையில் ஆன்டே தன் கைகளைப் பார்த்தது ஹாலரனுக்கு நினைவு வந்தது. இல்லை என்றார்.

"அதை யோசிங்க."

ஹாலரன் யோசித்தார். வழக்கில் நெவ் அரசுத் தரப்புச் சாட்சி. அந்தச் சாட்சியத்தை ஹாலரன் பலமுறை படித்திருந்தார். பப்பில் நடந்த சண்டையைப் பற்றிக் கேட்டார்கள். கல்லின் விலைக்காகச் சண்டை போட்டார்கள் என்று நெவ் சொன்னார். தொழில் எப்படி என்று கேட்டார்கள். எங்கள் சுரங்கத்தில் ஒரு வருஷமாக ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னார். இரண்டு பதிலும் ஒரே பக்கத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. இத்தனை நாள் ஹாலரன் அவற்றைத் தனித்தனியாகப் படித்திருக்கிறார்.

"ஒரு வருஷமா ஒண்ணும் கிடைக்கல," என்றார் மெதுவாக. "அப்போ அவங்க எந்தக் கல்லுக்குச் சண்டை போட்டாங்க?"

"கோர்ட்டுல ரெண்டு பக்கமும் வக்கீல் இருந்தாங்க. ஒருத்தரும் இதைக் கேட்கல." நெவ் தலையை ஆட்டிக்கொண்டார். "நான் கேட்டேன். அன்னிக்கி பப்புல பீரைக் கையில வெச்சுக்கிட்டு, என்னையே கேட்டேன்."

பிறகு சொன்னார். நிதானமாக, அடுத்தவர் கதையைச் சொல்வதுபோல். முதலில் ஆன்டே குடித்துவிட்டு உளறுகிறான் என்றுதான் நினைத்தாராம். மறுநாள் காலையில் ஆன்டேவின் பிக்கப்புக்குப் பின்னால் நின்று சிகரெட் பிடிக்கும்போது சக்கரத்தைப் பார்த்தார். இவர்கள் சுரங்கத்தின் மண் சுண்ணாம்பு வெள்ளை. சக்கரத்தில் ஒட்டியிருந்தது இளஞ்சிவப்பு. அன்று மாலை இருட்டியதும் விளக்குப் போடாமல் அந்த வண்டியின் பின்னால் போனார். கிட்ஜி மரங்களுக்குப் பின்னால் வண்டி நின்றது. குழியின் வாயில் தகரம் விலகியிருந்தது. கீழே வெளிச்சம் அசைந்தது.

"இறங்கிப் போய்ச் சட்டையைப் பிடிக்கணும்னு நினைச்சேன். இறங்கல. இறங்கினா நான் திருடன் ஆயிடுவேன், அது அவன் குழி. மேலேயே உட்கார்ந்தேன். ஏறி வரட்டும், மூஞ்சிக்கு நேரா கேட்கலாம்னு."

"எவ்வளவு நேரம்?"

"விடியற வரைக்கும். வெளிச்சம் வந்ததும் எனக்கே அசிங்கமா இருந்தது. எழுந்து போயிட்டேன்."

"எந்த ராத்திரி நெவ்?"

"உங்களுக்குத் தெரியும் எந்த ராத்திரின்னு."

பாக்ஸ்டர் செத்த ராத்திரி. ஊருக்கு மறு எல்லையில், வேறொரு குழியில்.

பொய் சொன்னவர் குற்றமற்றவர். கோர்ட்டில் கேட்டதற்கெல்லாம் நிஜம் சொன்னவர் அவரை உள்ளே அனுப்பியிருக்கிறார்.

"சத்தியம் பண்ணிச் சாட்சி சொன்னீங்க," என்றார் ஹாலரன்.

"ஒரு பொய் சொல்லல. எங்க சுரங்கத்துல அன்னிக்கி அவன் இருந்தானான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். இல்லைதானே. வேற ஒண்ணும் கேட்கல." நெவ் ஹெல்மெட்டைத் திருப்பினார். வெளிச்சம் சுவருக்குப் போய் வந்தது. "வழக்கு நடந்தப்ப தினமும் அவனுக்குச் சட்டை துவைச்சு எடுத்துட்டுப் போனேன். கூண்டுல நின்னுக்கிட்டு என்னைப் பார்ப்பான். இன்னிக்கிச் சொல்லிடுவான், இன்னிக்கிச் சொல்லிடுவான்னு நானும் பார்ப்பேன். கூட்டாளிக்குத் தெரியாம தோண்டிக்கிட்டிருந்தேன்னு ஒரு வார்த்தை. அவன் வாயிலேருந்து அது வந்திருந்தா அந்த நிமிஷமே நானும் எழுந்திருச்சிருப்பேன். ஆயுள்னு சொன்னப்பகூட வரல. என் முன்னால திருடனா நிக்கறதைவிட, பன்னிரண்டு பேர் முன்னால கொலைகாரனா நிக்கறது அவனுக்குச் சுலபமா இருந்தது."

"நீங்க சொல்லியிருக்கலாமே," என்றாள் வூலா. குரலில் கேலி இல்லை.

"சொல்லியிருக்கலாம்." நெவ் எழுந்தார். "அப்புறம் எவனோ முளை அடிக்கறதுக்கு முன்னால நான் அடிச்சேன். என் பாதியை எடுத்தேன். அவன் பாதி அங்க இருக்கு."

மேலே வந்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. ஊருக்குத் திரும்பி, பப்பின் வராந்தாவிலிருந்து ஹாலரன் பாரிஸ்டருக்குத் தொலைபேசினார். அவர் நீண்ட நேரம் கேட்டார். பிறகு, எழுதி வைத்த வரியை ஆன்டே கையாலேயே மாற்றி எழுதவை என்றார். அந்நியர்களிடமிருந்து மறைத்தேன் என்பது பொய். இன்னொரு பொய்யோடு அந்த நீதிபதிகள் முன் நிற்க முடியாது. நிஜமான காரணம் அதைவிடப் பலமானதும்கூட. அந்நியனுக்குப் பயந்து ஆயுள் தண்டனை வாங்கிக்கொள்பவனை யாரும் நம்பமாட்டார்கள். நண்பன் முகத்தைப் பார்க்க முடியாமல் வாயை மூடிக்கொண்டவனை நம்புவார்கள். இந்த ஒரு காரணத்தை ஜூரி யோசித்துப் பார்க்கும்படி நீதிபதி சொல்லியிருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும் என்று நம்மால் நிமிர்ந்து வாதாட முடியும்.

ஒரு ஓட்டை மட்டும் இருக்கிறது என்றும் சொன்னார். நெவ் பார்த்தது ஆன்டேவின் வண்டியை, ஒரு குழியை, கீழே ஒரு வெளிச்சத்தை. ஆளைப் பார்க்கவில்லை. வண்டியை அங்கே நிறுத்திவிட்டு ஆன்டே பாக்ஸ்டரைத் தேடிப் போனார், குழிக்குள் இருந்தது வேறு ஆள் என்று அரசுத் தரப்பு சொல்லும். கீழே இருந்தது ஆன்டேதான் என்று நெவ்வுக்கு எப்படித் தெரியும்?

பப்புக்குக் கூடவே வந்திருந்த நெவ்விடம் ஹாலரன் அதைக் கேட்டபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெரியும், ஆனால் இப்போது சொல்லமாட்டேன் என்றார்.

"முதல்ல அவன் எழுதட்டும். எதுக்குப் பொய் சொன்னான்னு. அந்நியன், வெளியாள்னு இல்ல. என் பேரைப் போட்டு எழுதட்டும். அவன் எழுதாம என் சாட்சியத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடலைன்னா அவர் உள்ளேயே செத்துப்போவார்," என்றாள் வூலா.

"அது அவன் கையில இருக்கு."

மறுநாள் சிறையின் சந்திப்பு அறையில் ஹாலரன் பத்திரத்தை மேசை மேல் வைத்தார். உட்காரவில்லை.

"என்கிட்டயும் பொய் சொல்லியிருக்கீங்க ஆன்டே. நான் உங்க ஆள். உங்களை வெளியே கொண்டுவர வந்தவன்."

ஆன்டே மறுக்கவில்லை. முதல் நிறம் கண்ணில் பட்டபோது நிச்சயமாகட்டும், பிறகு நெவ்விடம் சொல்லலாம் என்றுதான் நினைத்தாராம். அடுத்த வாரம் நிச்சயமானது. அதற்குள் ஒரு கல்லை பாக்ஸ்டரிடம் விற்றாயிற்று. விற்ற பிறகு எப்படிச் சொல்வது. ஒவ்வொரு வாரமும் அது இன்னும் கனமாகிக்கொண்டே போனது. இதை அவர் சொல்லி முடிக்கும் வரை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது யார் சொன்னது என்று கேட்டார்.

"நெவ். அன்னிக்கி ராத்திரி உங்க குழிக்கு மேல உட்கார்ந்திருந்தார். விடியற வரைக்கும்."

நெவ்வின் நிபந்தனையை ஹாலரன் சொன்னார். அது ஆன்டேவின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"அப்போ வழக்கு நடந்தப்ப?"

"தெரியும்."

"சட்டை கொண்டுவந்தானே. இஸ்திரி போட்டு. அப்பவும் தெரியுமா?"

"அப்பவும்தான்."

ஆன்டே சிரித்தார். அதைச் சிரிப்பு என்றுதான் சொல்லவேண்டும். காவலர் திரும்பிப் பார்த்தார். பிறகு ஆன்டே இரண்டு உள்ளங்கையையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பேசினார். "இதை எழுதினா கூரலாவுக்கு நான் போக முடியாது. கொலைகாரன்னு போனா எவனாவது ஒரு பீர் வாங்கிக் குடுப்பான். கூட்டாளியை ஏமாத்தினவன் பக்கத்துல நாய்கூட உட்காராது."

"எழுதலைன்னா எங்கயும் போக வேண்டியதில்ல," என்றார் ஹாலரன்.

சுவரில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கதவோரம் நின்றிருந்த வூலா இருமினாள். அவளைப் பார்த்தால் நம்ப முடியாது. பிரமாணப் பத்திரங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட அரசு உரிமை கொடுத்த ஆள் அவள். வறுவல் பொட்டலத்துக்கு அடியில் முத்திரை வைத்திருந்தாள். அதை எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்தாள்.

ஆன்டே பேனாவை எடுத்தார். அந்நியர்கள் என்ற சொல்லை அடித்தார். ஒருமுறை அடித்தது போதாமல் இன்னொரு முறை அடித்தார். மேலே, பள்ளிப் பிள்ளைபோல் பிரித்துப் பிரித்து, நெவ் ஸ்டாக்டேல் என்று எழுதினார். அதன் கீழே யாரும் கேட்காத ஒரு வரியும் எழுதினார்: அவன் பங்கை நான் எடுத்தேன். கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது நெவ்வுக்கு எதுவும் சொல்லி அனுப்பவில்லை. சொல்லி அனுப்ப ஏதாவது உண்டா என்று ஹாலரனும் கேட்கவில்லை.

வெளியே, பார்வையாளர்கள் வண்டி நிறுத்துமிடத்தில் நெவ் தன் பிக்கப்புக்குள் உட்கார்ந்திருந்தார். விடியுமுன்பே கிளம்பி வந்திருக்கவேண்டும். வண்டிக் கண்ணாடியில் பூச்சிகள் அப்பியிருந்தன. ஹாலரன் ஜன்னல் வழியாகத் தாளை நீட்டினார். நெவ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அடித்த இடத்தில் கட்டை விரலை வைத்தார். மறுபடி படித்தார்.

"உள்ளே போய்ப் பார்க்கறீங்களா?" என்று வூலா கேட்டாள். "இன்னும் நேரம் இருக்கு."

நெவ் தலையை ஆட்டி மறுத்தார். தாளைத் திருப்பிக் கொடுத்து, என்னுடையதைக் கொடு என்று கை நீட்டினார். வூலா பிக்கப்பின் முன்பக்கத்தில் தாளை விரித்தாள். எல்லாம் தட்டச்சு ஆகியிருந்தது. நடுவில் இரண்டு வரிக்கு இடம் காலியாக இருந்தது.

"கீழே இருந்தது அவர்தான்னு எப்படித் தெரியும்?" என்றார் ஹாலரன். "இப்போ சொல்லுங்க."

நெவ் வண்டியை விட்டு இறங்கி வந்து நின்றார். சிறைச் சுவரைப் பார்த்தார்.

"பாடினான்."

வூலா பேனாவைத் திறந்தாள்.

"அவன் பிறந்த ஊர்ப் பாட்டு. அவன் கல்யாணத்துல பாடிக் கேட்டிருக்கேன். அந்தக் குரல் எங்க கேட்டாலும் எனக்குத் தெரியும். வெட்டிக்கிட்டே விடியற வரைக்கும் பாடினான்." நெவ் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். பைக்குள் அது போகவில்லை. இரண்டாம் முறை போட்டார். "இதையும் எழுதிக்கோ, பொண்ணு. இருபது வருஷம் என் பக்கத்துல நின்னு வெட்டியிருக்கான். ஒரு நாள்கூட பாடினதில்ல."

இரண்டு வரிக்குத்தான் இடம் இருந்தது. வூலா பொடி எழுத்தில் அதையும் எழுதினாள்.